கூலி யார் கையில் சேர்ந்தது?

உடலும் உடையும் இடமும் தூய்மையாக இருந்தால்தான் தொழுகை கூடும். வீட்டையும் முற்றத்தையும் சுத்தமாக வைத்திருப்பது தீனைச் சேர்ந்த காரியமே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் கூட்டித் தள்ளிய குப்பை வாசலைக் கடந்த பிறகு அதை யார் அள்ளினார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற விசாரணை நம்மிடம் அபூர்வம். பணம் கொடுத்தாயிற்று, குப்பையும் போயிற்று. அத்துடன் பொறுப்புத் தீர்ந்ததா?

நடந்த ஒன்றைக் கொண்டு இதைப் பேசலாம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை ஒட்டிய பகுதிகளுக்கு, 2012 முதல் 2017 வரை, ஒரு கூட்டத்தார் போலந்து நாட்டு ஏழைகளைக் கொண்டுவந்து வேலைக்கு விட்டார்கள். வீடற்றவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், குடியால் கெட்டவர்கள் என்று பார்த்துப் பொறுக்கினார்கள். நல்ல சம்பளம், தங்க இடம் என்று ஆசை காட்டினார்கள். வந்து இறங்கியவர்களைப் பாழடைந்த வீடுகளில் அடைத்து, பண்ணைகளுக்கும் குப்பை பிரிக்கும் கூடங்களுக்கும் அனுப்பினார்கள். தண்ணீர் வசதியில்லாமல் ஒருவர் கால்வாயில் போய் உடம்பைக் கழுவ நேர்ந்ததாம். சிக்கியவர்கள் 400 பேருக்கு மேல் இருக்கலாம் என்று காவல்துறை கணித்தது. 2019-ல் அக்கூட்டத்தில் எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. வேலை வாங்கிய இடங்களிலிருந்து கூலி புறப்பட்டுத்தான் இருக்கிறது. ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வங்கிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்குகள் அந்தக் கூட்டத்தாரின் பிடியில் இருந்தன. உழைத்தவனுக்கு அதில் கிள்ளிக் கொடுத்ததுதான் மிச்சம். இப்போது சொல்லுங்கள், கூலி கொடுக்கப்பட்டதா, இல்லையா?

நமது மார்க்கச் சட்டத்தில் இதற்கு விடை தேடுவது சிரமமில்லை. கடன்பட்டவர் அதைக் கடன் கொடுத்தவரிடமோ, அவர் மனமொப்பி நியமித்த வக்கீலிடமோ சேர்த்தால்தான் கடன் தீரும். வழியில் நின்ற ஒருவன் கையில் திணித்துவிட்டு வந்தால் தீராது. கூலியும் கடனே. வேர்வை உலருமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். மறுமையில் அல்லாஹ் தானே எதிர்த்து நின்று வழக்காடும் மூவரைப் பற்றிய நபிமொழியையும் நாம் கேட்டிருக்கிறோம். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசை உண்டவனும், முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனும் அதில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். பர்மிங்காமில் நடந்தது இவ்விரண்டும் கலந்த பாவம்.

அறியாமல் வேலை வாங்கியவரைத் திருடனோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது சரியே. ஆனால் அறியாமைக்கும் ஒரு அளவுண்டு. பத்துப் பேர் ஒரே முகவரியும் ஒரே தொலைபேசி எண்ணும் கொடுக்கிறார்கள். எல்லாருக்காகவும் ஒருவனே பேசுகிறான். கணக்குப் போட்டால், சட்டப்படியான கூலிக்கே போதாத தொகைக்கு ஒப்பந்தக்காரர் வேலையை ஏற்கிறார். இத்தனையும் கண்ணெதிரே இருக்கையில், மலிவாயிற்றே என்று கையெழுத்துப் போடுபவர் அறியாதவரா, அறிய விரும்பாதவரா?

“பிறர்மேல் சந்தேகம் கொள்வதும் துருவி ஆராய்வதும் தடுக்கப்பட்டவை அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். தனிமனிதரின் அந்தரங்கத்துக்குச் சொன்னதை வியாபாரத்துக்குப் போர்வையாக்கக் கூடாது. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேலே காய்ந்திருந்தது. அவர்களோ கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்தார்கள்.

பிரிட்டனில் 2015-ல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுனும் அதற்கு மேலும் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள், தம்மிடமும் தமக்குச் சரக்கும் ஆளும் தருபவரிடமும் அடிமைத்தனம் நுழையாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினாலும் அறிக்கை செல்லும் என வகுத்திருந்தார்கள்! தொழாதவர் “தொழவில்லை” என்று எழுதிக் கொடுத்தால் பர்ளு நீங்கிவிடுமா?

கையை உள்ளே விட்டுப் பார்ப்பது என்றால், குப்பை அகற்றும் கம்பெனி தனக்குக் கீழே ஆள் தருபவனின் சொல்லோடு நில்லாமல் தொழிலாளியிடமே பேச வேண்டும். அவர் மொழியில், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது பேச வேண்டும். சம்பளக் கணக்கு அவர் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அட்டையும் ரகசிய எண்ணும் அவர் வசம் இருக்கின்றனவா? வேலைக்காக யாருக்காவது பணம் கட்டினாரா? பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியின் கனம் என்னவென்று, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் வீடுகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கலியாண மண்டபம் வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகளும் துப்புரவைக் குத்தகைக்கு விடுகின்றன. வலீமா முடிந்த இரவில் எச்சில் இலைகளை அள்ளுபவருக்குக் குத்தகைக்காரர் என்ன கொடுக்கிறார் என்பது நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்கிறதா? அடுத்த குத்தகையை எழுதும்போது, கூலித்தொகையையும் அது தொழிலாளியின் கையிலேயே சேர வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை நிர்வாகி ஒருவர் அந்தத் தொழிலாளர்களிடம் நேரில் கேட்டுப் பதிவேட்டில் குறிக்கலாம். செலவு சற்றுக் கூடும். மண்டப வாடகையில் அதைச் சேர்த்துக்கொள்ளட்டும்.