நடந்து செல்லத்தக்க அயல் – தெரிவின் அறம் பற்றிய ஒரு நோக்கு

புதியதொரு நகருக்குக் குடிபெயரும் மனிதன் முதலில் எதிர்கொள்ளும் வினா எங்கே வாழ்வது என்பதாகும். வாடகை, தொழிலிடத்துக்குள்ள தூரம், பிள்ளைகளின் பாடசாலை, உறவினரின் அண்மை ஆகியன இவ்வினாவுக்கு விடை காண்கையில் வழமையாகக் கருத்திற் கொள்ளப்படுவன. அண்மைக் காலத்தில் மேலுமோர் அளவுகோல் இவற்றோடு சேர்ந்துள்ளது. கடைக்கும் பாடசாலைக்கும் மருத்துவரிடத்துக்கும் நூலகத்துக்கும் கால்நடையாகச் சென்று மீளக்கூடியதாக அவ்வயல் அமைந்துள்ளதா என்பதே அது. 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே தொடங்கப்பட்ட ‘வோக் ஸ்கோர்’ என்னும் சேவை, எந்தவொரு முகவரியினதும் நடைவசதியைப் பூச்சியம் முதல் 100 வரையான புள்ளிகளால் மதிப்பிட்டுக் கூறுகின்றது. வீடு விற்போர் அப்புள்ளியைத் தம் விளம்பரங்களிலே சேர்த்துக்கொள்கின்றனர்.

இவ்வாறு புள்ளியிட்டு விலைகூறப்படும் ஒன்று அறவியலின் ஆராய்ச்சிக்கு உரியதாகுமா என ஒருவர் வினவலாம். நடக்க விரும்புவோன் நடக்கத்தக்க அயலைத் தெரிகின்றான். மோட்டார் வண்டியிற் செல்ல விரும்புவோன் புறநகரைத் தெரிகின்றான். ஒருவன் கோப்பியை விரும்புவதும் மற்றவன் தேநீரை விரும்புவதும் போன்றதே இதுவும் என்பது அவர் வாதமாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வாதம் நியாயமானதாகவே தோன்றும். ஆயின், கோப்பி அருந்துபவனின் தெரிவு தேநீர் அருந்துபவனின் கோப்பையைத் தொடுவதில்லை. வசிப்பிடத் தெரிவு அத்தகையதன்று. ஒருவன் எங்கே வாழ்கின்றான், எவ்வாறு பயணஞ் செய்கின்றான் என்பன பிறர் வாழும் வீதியின் இயல்பையே மாற்றிவிடுகின்றன.

இதனைத் தெளிவுபடுத்தும் ஆய்வொன்று டொனல்ட் அப்பிள்யாட் என்பவரால் சான்பிரான்சிஸ்கோ நகரில் மேற்கொள்ளப்பட்டு 1972 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பிற தன்மைகளால் ஏறத்தாழ ஒத்தனவும் வாகனப் போக்குவரத்தின் அளவால் வேறுபட்டனவுமான மூன்று வீதிகளை அவர் ஒப்பிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் செல்லும் வீதியில் வாழ்ந்தோருக்கு அவ்வீதியிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தனர். ஏறத்தாழ 16,000 வாகனங்கள் செல்லும் வீதியில் வாழ்ந்தோருக்கு ஒரு நண்பர்கூட முழுமையாக இல்லை, சராசரி 0.9 ஆகவே இருந்தது. முன்னைய வீதியினர் வீதி முழுவதையும் தமது இல்லத்தின் பகுதியாகக் கருதினர். பின்னைய வீதியினரோ தமது கட்டடத்துக்குள் ஒடுங்கிக் கொண்டனர். அவ்வழியே விரைந்து சென்ற சாரதிகள் எவரும் பிறர் நட்பைக் குலைக்க எண்ணியவரல்லர். எண்ணாமலே விளைந்த கேடு இது. தீய எண்ணம் எதுவுமின்றி விளையும் கேடுகளுக்கு யார் பொறுப்பு என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும்.

நடக்கவியலாத அயல்கள் தாமாகத் தோன்றியவையல்ல என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. கால்களே பெரும்பாலானோரின் போக்குவரத்துச் சாதனமாக இருந்த காலத்தில் நகரங்கள் இயல்பாகவே நெருங்கி அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில் இந்நிலை மாறியது. ஒகாயோ மாநிலத்திலுள்ள யூக்கிளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில், குடியிருப்பு, வாணிபம், கைத்தொழில் ஆகியவற்றை வெவ்வேறு வலயங்களாகப் பிரிக்கும் சட்டம் செல்லுபடியாகும் என 1926 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் மாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிடவும் அத்தீர்ப்புத் தயங்கவில்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீளமான விரைவு நெடுஞ்சாலைகளுக்கு வழி வகுத்தது. வீட்டிலிருந்து கடையைச் சட்டம் பிரித்தது. பிரிந்த இரண்டையும் நெடுஞ்சாலை இணைத்தது. அவ்விணைப்பைப் பயன்படுத்த மோட்டார் வண்டி இன்றியமையாததாயிற்று. ஆகவே, புறநகர்வாசி மோட்டார் வண்டியை விரும்பித் தெரிந்தான் என்பது பாதி உண்மையே. வேறு தெரிவுகள் அவனுக்கு முன்னரே அகற்றப்பட்டிருந்தன என்பது எஞ்சிய பாதியாகும்.

இங்கே சுதந்திரம் பற்றிய வினா எழுகின்றது. ஐசாயா பேர்லின் 1958 ஆம் ஆண்டு நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில், பிறர் தலையீடின்மையாகிய சுதந்திரத்தையும் தன்னைத் தானே ஆளும் ஆற்றலாகிய சுதந்திரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். மோட்டார் வண்டி முதலாவது வகைச் சுதந்திரத்தின் சின்னமாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றது. நினைத்தபோது நினைத்த இடத்துக்குச் செல்லலாம், யாரும் தடுக்கமாட்டார். ஆயின், ஒரு போத்தல் பால் வாங்குவதற்கும் அவ்வண்டி தேவைப்படுமாயின், அஃது ஆற்றலா, நிர்ப்பந்தமா? இவான் இலிச் இந்நிலையை ‘அடிப்படை ஏகபோகம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். ஒரு நிறுவனம் தன் போட்டியாளரை அகற்றுவது சாதாரண ஏகபோகம். ஒரு பண்டம் மனிதனின் இயற்கையான ஆற்றலையே பயனற்றதாக்கிவிடுவது அடிப்படை ஏகபோகம். 1974 இல் வெளியான தமது நூலில் அவர் ஒரு கணக்கையும் முன்வைத்தார். அமெரிக்க ஆடவன் ஒருவன் தன் வண்டியைச் செலுத்துவதிலும், நிறுத்துவதிலும், அதற்கான பணத்தை உழைப்பதிலும் ஆண்டொன்றுக்கு 1,600 மணித்தியாலங்களுக்கு மேற் செலவிடுகின்றான். அதனாற் கடக்கும் தூரம் 7,500 மைல். மணித்தியாலத்துக்கு ஐந்து மைலுக்கும் குறைவான வேகமே இறுதியில் எஞ்சுகின்றது. இக்கணக்கின் நுணுக்கங்கள் பற்றி வாதிட இடமுண்டு. எனினும், வண்டிக்காக உழைக்கும் நேரமும் பயண நேரமே என அவர் சுட்டிய உண்மையை மறுத்தல் அரிது.

வண்டி செலுத்தாதோரின் நிலை இதனினும் தெளிவானது. குழந்தைகள், முதுமையினாற் பார்வை மங்கியோர், உடற்குறையுடையோர், வண்டி வாங்க வசதியற்றோர் ஆகியோர் எந்தச் சமுதாயத்திலும் சிறுதொகையினரல்லர். நடக்கவியலாத அயலில் இவர்கள் பிறர் தயவிலே தங்கி நிற்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நூலகத்துக்குச் செல்லத் தந்தையின் ஓய்வு நேரத்தை எதிர்பார்க்க வேண்டும். எழுபது வயது மூதாட்டி மருந்து வாங்க மருமகனின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் அயலின் தகுதியை அளப்பதற்கு உடல்வலுவும் பணவசதியும் உள்ள நடுவயதினனை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. அவ்வயலின் மிக மெலிந்த மனிதன் எவ்வளவு தூரம் தனித்துச் செல்லக்கூடும் என்பதே தக்க அளவுகோலாகும்.

மேற்கூறியவற்றிலிருந்து, நடந்து செல்லத்தக்க அயலைத் தெரிவதே அறம், ஏனைய தெரிவுகள் அறப்பிழை என முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு முடிவு செய்வோர் ஒரு பெருந்தடையை எதிர்கொள்ள நேரிடும். அத்தடையைக் கனடாவின் ரொறன்ரோ நகரம் நன்கு புலப்படுத்துகின்றது.

நகரங்கள் பற்றிய சிந்தனையைப் பெரிதும் மாற்றியமைத்த ஜேன் ஜேக்கப்ஸ் 1968 ஆம் ஆண்டு நியூயோர்க்கிலிருந்து குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். வியட்நாம் போருக்குத் தம் புதல்வர்கள் அனுப்பப்படுவதை அக்குடும்பம் விரும்பாமையே இதற்குக் காரணம். நியூயோர்க்கின் கிறீனிச் வில்லேஜ் பகுதியில் வாழ்ந்தபோது தாம் கண்ட வீதி வாழ்க்கையைக் கொண்டே அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றிய தமது நூலை 1961 இல் அவர் எழுதியிருந்தார். கடைக்காரர், வழிப்போக்கர், சாளரத்தில் நிற்போர் ஆகியோரின் கண்களே வீதிக்குக் காவல் என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. ரொறன்ரோவிலும் அத்தகைய அயலொன்றையே அவர் நாடினார். அனெக்ஸ் எனப்படும் பழைய பகுதியிற் குடியேறினார். அப்பகுதியை ஊடறுத்து ஸ்பதைனா விரைவுப் பாதையை அமைக்கும் திட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அதனை எதிர்த்தோருடன் அவரும் இணைந்தார். 1971 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒன்ராறியோ மாகாண அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அவர் அயலைத் தெரிந்ததோடு அமையவில்லை. தெரிந்த அயலைக் காக்கவும் செய்தார்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து அதே நகரை அடைந்த தமிழரின் வரலாறு வேறுவிதமானது. அவர்களுட் பலர் முதலில் நகர மையத்துக்கு அண்மையிலுள்ள சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். சுரங்க ரயிலும் கடைகளும் நடைத்தூரத்தில் இருந்தன. காலப்போக்கில் அவர்களுட் பெருந்தொகையினர் ஸ்காபரோவை நாடினர். ஸ்காபரோ, போருக்குப் பிந்திய காலத்தில் மோட்டார் வண்டியை மனங்கொண்டு அமைக்கப்பட்ட புறநகர்; அகன்ற வீதிகளும் நீண்ட தூரங்களும் கொண்டது. ஒழுங்கைகளிலும் சந்திகளிலும் நடந்தும் சைக்கிளிலும் வளர்ந்த மக்கள், நடைக்கு வாய்ப்பான இடத்தை விட்டு வாய்ப்பற்ற இடத்துக்குச் சென்றமை முரணாகத் தோன்றலாம். ஆயின், நெருக்கடியான இரண்டறைக் குடியிருப்பில் மூன்று தலைமுறையினர் வாழ்வதிலும், சொந்த வீடொன்றில் பெற்றோரை அருகில் வைத்துப் பேணுவதிலும் எதனைத் தெரிவது என்பதே அக்குடும்பங்களின் முன்னிருந்த வினா. அவர்கள் தெரிவு தவறென்று கூறும் உரிமை யாருக்குண்டு? நடையின் நன்மை, வாழ்வின் பல நன்மைகளுள் ஒன்றே; அஃது எல்லா நன்மைகளையும் ஆளும் நன்மையன்று.

இத்தடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய தொழிலாளர் அயல்களில் வசதிபடைத்தோர் குடியேற, வாடகை உயர்ந்து முன்னிருந்தோர் வெளியேறும் நிகழ்வைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964 ஆம் ஆண்டு இலண்டன் நகரை ஆதாரமாகக் கொண்டு இனங்காட்டினார். ஜேக்கப்ஸ் வாழ்ந்த கிறீனிச் வில்லேஜும் அனெக்ஸும் இன்று சாதாரண தொழிலாளி எட்டவியலாத விலையுடையனவாகிவிட்டன. ரொறன்ரோ நகரின் வருமானப் பரம்பலை ஆராய்ந்த டேவிட் ஹுல்சான்ஸ்கி, 1970 முதல் நகர மையத்திற் செல்வமும் புறநகர்களில் வறுமையும் குவிந்து வந்தமையை எடுத்துக்காட்டினார். இதன் விளைவு வேடிக்கையானது, வேதனையானதும்கூட. வண்டி வாங்க வசதியுள்ளோர் வண்டி தேவைப்படாத அயலில் வாழ்கின்றனர். வசதியற்றோர் வண்டியின்றி வாழவியலாத அயலில், ஆறு நிரல் வாகனங்கள் செல்லும் வீதியோரத்தில், குளிர்காலப் பனியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றனர்.

அவ்வாறாயின், நடக்கத்தக்க அயலைத் தேடுபவன் தன்னை அறியாமலே எளியோன் ஒருவனின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றான் அல்லவா? எல்லோரும் இவ்வாறே செய்யின் என்னாகும் என்னும் கான்ரின் சோதனையில் அவன் தெரிவு தேறுமா? பிரெட் ஹேர்ஷ் 1976 ஆம் ஆண்டு எழுதிய நூலில், ஒருவர் பெற்றாற் பிறர் இழக்க நேரும் நன்மைகளை ‘நிலைசார் பண்டங்கள்’ எனப் பாகுபடுத்தினார். மலையுச்சியிலுள்ள தனிவீடு அத்தகையது. பலர் அங்கே வீடு கட்டினால் அதன் தனிமை அழிந்துபோகும். நடைவசதியும் அவ்வகையினதே எனின், அதனைத் தெரிவது அறமாகாது. செல்வர் நுகரும் மேலுமொரு சிறப்புரிமையாகவே முடியும்.

ஆயின், சற்று ஆழ்ந்து நோக்கின் நடைவசதி அவ்வகையைச் சார்ந்ததன்று என்பது புலப்படும். வீதியில் மேலுமொரு வண்டி சேரும்போது ஏனைய வண்டிகளின் வேகம் குறைகின்றது. வீதியில் மேலுமொரு பாதசாரி சேரும்போதோ அவ்வீதி ஏனைய பாதசாரிகளுக்குப் பாதுகாப்பானதாகின்றது. மூலைக்கடைக்கு மேலுமொரு வாடிக்கையாளர் கிடைக்கின்றார். பஸ் சேவை அடிக்கடி நடைபெற நியாயம் பிறக்கின்றது. மிகுந்த நெரிசல் என்னும் எல்லையை எட்டும்வரை, பகிரப்பகிர வளரும் நன்மை இது. அவ்வாறிருந்தும் அஃது அரிதாயிருப்பதற்குக் காரணம் அதன் இயல்பன்று. அத்தகைய அயல்கள் புதிதாக எழாதவாறு சட்டங்கள் தடுத்தமையே காரணம். மனிதர் ஆக்கிய அருமை மனிதராலே நீக்கத்தக்கது. ரொறன்ரோ மாநகர சபை 2010களில், புறநகர் மாடிக் குடியிருப்புகளின் வளவுகளிலே சிறுகடைகளும் சேவை நிலையங்களும் அமைய இடமளிக்கும் புதிய வலயமொன்றை ஏற்படுத்தியமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கதாகும். ஓர் அயலை நடக்கத்தக்கதாக்குவதற்கு அதனை இடித்துக் கட்டவேண்டியதில்லை. முன்பு விலக்கப்பட்டவற்றை அனுமதிப்பதே சிலவேளைகளிற் போதிய தொடக்கமாகின்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாதெனில், நடந்து செல்லத்தக்க அயலைத் தெரிதல் தன்னளவில் ஒழுக்கச் சிறப்புமன்று, ஒழுக்கக் குற்றமுமன்று. அத்தெரிவைத் தொடர்ந்து வரும் நடத்தையிலேயே அதன் அறம் தங்கியுள்ளது. நல்ல அயலொன்றிற் குடியேறியபின், அங்கே மாடிக் குடியிருப்பு எழுவதையும் வாடகை குறைந்த வீடுகள் அமைவதையும் அயலின் இயல்பு கெடும் எனக்கூறி எதிர்ப்போன், தான் நுழைந்த வாயிலைப் பின்னால் வருவோருக்கு அடைக்கின்றான். விரைவுப் பாதையைத் தடுத்தல் வேறு. அயலவரைத் தடுத்தல் வேறு. முன்னையது வீதியைப் பொதுவாக வைத்திருக்கின்றது. பின்னையது பொதுவானதைத் தனதாக்கிக் கொள்கின்றது. ஜேக்கப்ஸின் பெயரால் இரண்டும் செய்யப்படுகின்றன. ஆதலின், இவ்வேறுபாட்டைத் தெளிதல் அவசியமாகும்.

இனி, தெரிவதற்கு வசதியற்று எந்த அயலிலோ வாழ நேர்ந்தோருக்கு அறம் எதுவும் விதிக்கவில்லையா எனின், அவர்களுக்கும் ஒன்றுண்டு; ஆயின் அது கடமையினும் உரிமையாகவே அமைகின்றது. தாம் வாழும் வீதியைக் கடப்பதற்குப் பாதுகாப்பான இடமும், ஒழுங்கான பஸ் சேவையும், பிள்ளை தனித்து நடந்து செல்லக்கூடிய நூலகமும் வேண்டுமெனக் கோருதல் அவர்களின் உரிமையாகும். நல்ல அயலில் வாழ்வோர் அக்கோரிக்கையைத் தமதாக ஏற்று உடன் நிற்றல் அவர்களின் கடமையாகும். நகரம் உயிர்வாழ்வதற்காகத் தோன்றி நல்வாழ்வுக்காக நிலைபெறுகின்றது என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. அந்நல்வாழ்வு ஒரு நகரின் சில வீதிகளில் மட்டும் கிட்டுமாயின், அந்நகர் தான் தோன்றிய நோக்கத்தை இன்னும் அடையவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.