மேலே வைத்த சரக்கும் அடியில் இருந்த ஈரமும்



சென்ற மாதம் கம்பத்தில் ஒரு நிக்காஹ் விருந்தில், தம்பி மகள் முறையாகும் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். அவளும் அவள் கணவரும் வீட்டிலேயே ஏலக்காயும் மிளகும் பொட்டலம் போட்டு, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்று வருகிறார்கள். கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கைபேசிதான் கடை.

"பெரியத்தா, தினமும் எதையாவது போட வேண்டியிருக்கிறது. படுக்கப் போகும் நேரத்தில் ஒன்றும் தோன்றாமல், 'ஐந்து பொட்டலம்தான் பாக்கி, முந்துங்கள்' என்று போட்டுவிடுகிறேன். உள்ளே ஒரு மூட்டை இருக்கிறது. இது குற்றமா?"

குற்றம்தான் என்றேன். ஆனால் அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. என்ன சொல்வது என்று முன்கூட்டி யோசித்து வைக்காததால், அந்த நேரத்து அவசரம் அவள் வாயில் பொய்யைத் திணித்தது. ஆகவேதான் விளம்பரத்தைத் திட்டமிடுவது பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறேன். மார்க்கப் பத்திரிகையில் இது ஒரு விஷயமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள், நம் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி என்பதை நினைத்துக் கொள்ளட்டும். குறையுள்ள ஓர் ஆடையைக் குறை சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்தச் சரக்கின் விலை முழுவதையும் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாறு கூறுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்தது என்றார் உடையவர். மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று நாயகம் (ஸல்) தடுக்கவில்லை. அதை மேலே வை என்றுதான் பணித்தார்கள்.

இப்போது கைபேசியைப் பாருங்கள். குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க வாங்குகிறவருக்கு வழியில்லை. சென்னையில் இருப்பவருக்கு நீங்கள் காட்டும் படம்தான் கண், அதுவே விரல். படத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிறிய ஏலக்காயும் பச்சைப்பசேல் என்றாகிவிடும். ஒட்டகத்தின் மடியைக் கட்டிவைத்துப் பால் நிரம்பியதாகக் காட்டி விற்பதை நபிகளார் தடுத்தார்களே, அதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காய்க்கே சாயம் ஏற்றுவது உணவுச் சட்டப்படியும் குற்றம். படத்துக்குச் சாயம் ஏற்றுவதை மட்டும் நாம் விளையாட்டாக எண்ணுகிறோம்.

ஏலக்காயை ஏலம் விடும் ஊர் நம் போடிநாயக்கனூர். வாங்கும் நோக்கம் இல்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அது ஹதீஸில் தடுக்கப்பட்டது. சின்னம்மா மகனையும் கூடப்படித்தவனையும் வாங்காத சரக்கைப் "பிரமாதம்" என்று எழுதச் சொல்வதும், காசு கொடுத்து விருப்பக்குறி வாங்குவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைத் தண்டிக்கிறது. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரவிதியை வெளியிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். பஸ்ராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற பெரியார் பட்டு வியாபாரம் செய்தார்கள். வாங்க வந்தவர் முன் பணியாள் பட்டை விரித்துப் பார்த்து, யா அல்லாஹ் எங்களுக்குச் சுவனத்தைத் தா என்று துஆ செய்தார். அது சரக்கைப் புகழ்ந்ததாகிவிடுமோ என அஞ்சி, விற்காமலே உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதை இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். நாமோ ஒவ்வொரு பொட்டலப் படத்தின் கீழும் மாஷா அல்லாஹ் என்று எழுதுகிறோம்!

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன வழி இதுதான். ஒரு நோட்டில் முதலில் பருவத்தை எழுது. ஆடி ஆவணியில் மலையில் ஏலம் பறிப்புத் தொடங்கித் தை வரை போகும், அதையொட்டி மிளகு. ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். கஞ்சிக்கும் பிரியாணிக்கும் சரக்குக் கேட்பவர்களுக்கு ஷஅபானிலேயே சொல்லிவிடு. எப்போது எது இருக்கும் என்று ஏட்டில் இருந்தால் இரவு பத்து மணிக்குக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தினமும் போட வேண்டும் என்று யார் சொன்னது? வாரம் மூன்று போதும். சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வியாபாரத்துக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

ஒருநாள் காலை வெயிலில் மூன்று படங்களையும் எடுத்து வைத்துக்கொள். முதல் படம், காயின் பக்கத்தில் ஓர் அளவுகோலுடன். எட்டு மில்லிமீட்டர் என்றால் எட்டுதான் என்று தெரியட்டும். அடுத்தது பயன்படும் செய்தி: வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுக்கும், இருட்டான டப்பாவில் வை என்பது போல. மூன்றாவதுதான் முக்கியம். வெடித்த காயையும், சொறி விழுந்ததையும், வெளிறியதையும் தனியே குவித்து, இது தேநீருக்கு ஆகும், விலை குறைவு என்று போடு. அதுதான் ஈரத்தை மேலே வைப்பது.

முகம் காட்ட வேண்டுமா என்று கேட்டாள். வாங்குகிறவர் பார்க்க வருவது காயை. கையும் தராசும் தெரிந்தால் போதும். வாடிக்கையாளர் அனுப்பும் பாராட்டுக் கடிதத்தை அவர் அனுமதியின்றி வெளியிடாதே, அது அமானிதம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலோ உன் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே எண்ணைச் சேமிக்கச் சொல்லிப் பொட்டலத்திலேயே எழுதி ஒட்டு.

திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறிடத்துப் பழத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். திராட்சை கறுக்கும் முன் விற்பதை ஹதீஸ் தடுத்திருக்கிறது. இதில் மத்ஹபுகளின் சட்ட விரிவு உண்டு. காய் பச்சையாய் இருக்கும்போதே படம் போட்டு முன்பணம் வாங்குமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைபெறும்போது அவள் கேட்டது இது: வெள்ளிக்கிழமை குத்பா நேரத்தில் தானாகவே வெளியாகும்படி முன்பே நேரம் குறித்து வைத்தால் குற்றமா? பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டுவிடத் திருமறை கட்டளையிடுகிறது. எந்திரம் விற்றால் விற்பது யார் என்று வாதாடலாம். நான் வாதாடவில்லை. மூன்று மணிக்குக் குறித்து வை என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.