விலக்கப்பட்டது இறைச்சி, இரக்கம் அன்று

உழவு தோன்றிய நாள்தொட்டு மனிதனுக்கும் காட்டு விலங்குக்கும் இடையே ஒரு வழக்கு நடந்து வருகிறது. விதைத்தவன் தன் விளைச்சலுக்கு உரிமை கோருகிறான். பசித்த விலங்கோ எவ்வுரிமையும் கோராமலே மேய்ந்துவிட்டுப் போகிறது. இவ்வழக்கில் நெடுங்காலம் தீர்ப்பு எழுதியவை வில்லும் வேலுமே. தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் எறிந்து காவல் காத்த குறிஞ்சி நில மக்களைச் சங்க இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. கொங்கு நாட்டிலே, பன்றியோடு பொருது மாண்ட வீரனுக்கு ஊரார் கல் நட்டனர். 'பன்றிக்குத்திப் பட்டான் கல்' என்று அதற்குப் பெயர். அண்ணன்மார் கதையில் வயல்களை அழிக்கும் கொம்பன் என்னும் பெரும்பன்றியைச் சங்கர் கொல்கிறான். கொங்கு மக்கள் இன்றும் அக்கதையை உடுக்கை ஒலியோடு கேட்கின்றனர்.

அந்த நடுகற்கள் நமக்கு ஒன்றைச் சொல்கின்றன. அன்று பன்றியை எதிர்த்தவன் அதன் முகத்துக்கு நேரே நின்றான். தன் உயிரையும் துலாத் தட்டில் வைத்த பிறகே அதன் உயிரை எடுத்தான். இன்று அந்த வழக்கு எவ்வாறு நடக்கிறது? அதில் அறம் எப்பக்கம் நிற்கிறது? நம்மவர் பலர், "பன்றிதானே!" என்ற ஒரே சொல்லில் இக்கேள்வியை முடித்துவிடுகின்றனர். அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திவைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழவனின் கண்ணீர்

திருப்பூர் என்றதும் பனியன் ஆலைகளே நினைவுக்கு வரும். ஆனால் பல்லடத்தைக் கடந்து காங்கயம் நோக்கிச் செல்லும் சாலையில் பொங்கலூரை அடைந்தால், அது உழவர் நாடு என்பது விளங்கும். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் தென்னையும் விளையும் மண் அது. பரம்பிக்குளம் – ஆழியாறு வாய்க்கால் பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து வருகிறது. ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வந்து, மறுமுறை அது வர ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். ஆகவே வாய்க்கால் தண்ணீரை நம்பிய உழவனுக்கு ஒரு போகம் அழிவது, அடுத்த முறைத் தண்ணீர் வரும்வரை அவன் வாழ்வே தள்ளிப்போவதாகும்.

காட்டுப்பன்றி வயிறு நிறைய உண்பது சிறிதே. அது அழிப்பதே மிகுதி. மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் தட்டையைச் சாய்த்துவிட்டுக் கதிரைக் கடிக்கும். நிலக்கடலையை வேரோடு கிளறும். தென்னங்கன்றைத் தோண்டி, முளைவிட்ட காயைத் தின்னும். ஒரே இரவில் ஒரு கூட்டம் ஓர் ஏக்கரை உழுதுவிட்டாற்போல் ஆக்கிவிடும். பெண்பன்றி நான்கு மாதத்துக்குள் சினை முற்றி ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். காட்டில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் அதன் தொகையைக் கட்டுக்குள் வைக்கின்றன. புலியில்லா நாட்டில், சீமைக்கருவேலம் அடர்ந்த ஓடைகளே அதற்குக் கோட்டை. பகலில் ஆலைக்குச் சென்று உழைத்துத் திரும்பும் குடும்பத்தில் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்க யார் இருக்கிறார்? பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு நம்பிக்கையோடு உறங்கப் போவதே பலருக்கு இயன்ற காவல்.

இத்துயரத்தை நகரத்து நாற்காலியில் அமர்ந்து சிறிதாக எண்ணுவது அறமாகாது.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. துப்பாக்கியாயினும் சரி, வில்லாயினும் சரி, தன் சொந்த நிலத்திலாயினும் சரி, தானே வேட்டையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உயிருக்கோ பயிருக்கோ கேடு நேரும்போது உரிய அதிகாரி எழுத்தில் அனுமதி தரலாம் என்ற வழியையும் அதே சட்டம் வைத்திருக்கிறது. ஒன்றிய அரசு 2015ஆம் ஆண்டின் இறுதியில் பீகாரிலும், 2016இல் உத்தராகண்டிலும் குறிப்பிட்ட காலத்துக்கு இவ்விலங்கைத் தீங்குயிர் என அறிவித்தது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி வழங்கும் அதிகாரத்தை அளித்தது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு நடுவழியை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், ஊர் அளவிலான குழுவின் வழியே வரும் முறையீட்டை ஆராய்ந்து, வனத்துறையினர் சுடலாம். ஆனைமலைக் காடுகளிலிருந்து வெகுதொலைவு விலகிய பொங்கலூர் போன்ற ஊர்கள் இந்த மூன்றாம் வட்டத்தில் அடங்கும்.

ஆயினும் அனுமதியின் நிழலுக்கு வெளியே, இருளில் நடப்பது வேறு. 'அவுட்டுக்காய்' என்னும் நாட்டு வெடியைத் தீனியில் பொதிந்து வைப்பார்கள். கடித்த விலங்கின் தாடை சிதறும்; உடனே சாகாமல், உண்ணவும் பருகவும் இயலாமல் நாட்கணக்கில் அலைந்து மடியும். 2020 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில் வெடி பொதிந்த தீனியைக் கடித்துச் சினையுற்ற யானையொன்று ஆற்றுநீரில் நின்றவாறே இறந்ததை நாடு முழுவதும் கண்டு கலங்கியது. மற்றொரு வழி, வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று பெண்யானைகள் மாண்டன. இருட்டில் வரப்பில் நடக்கும் மனிதனையும் அந்தக் கம்பி அடையாளம் காணாது.

வில்லைப் பற்றிய வாதம்

மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், பண்ணை நிலங்களில் பன்றியை வில்லால் வேட்டையாடுவது பெரும் பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டுசென்ற வளர்ப்புப் பன்றிகள் காடேறி, பின்னர் வேட்டைக்கென இறக்கப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளோடு கலந்து பெருகியதே அங்குள்ள கூட்டம். டெக்சஸ் மாநிலம் 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கும் சட்டம் இயற்றியது. நம் நாட்டுப் பன்றியோ வந்தேறி அன்று, இம்மண்ணின் ஆதிக்குடி, புலியின் இரை.

வில்வேட்டைக்குச் சார்பாகச் சொல்லப்படுவனவற்றை நாம் எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. வில் ஓசை எழுப்பாது. துப்பாக்கிக் குண்டைப் போல் நெடுந்தொலைவு பறந்து அயலான் வீட்டுச் சுவரைத் துளைக்காது. இருபது முப்பது கஜத்துக்குள் நெருங்கினாலன்றி நல்ல வில்லாளி அம்பை விடமாட்டான். ஆகவே அவன் பொறுமையும் பயிற்சியும் உடையவனாக இருந்தாக வேண்டும். ஆனால் மறுபக்கமும் உண்டு. அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்துக் குருதியை வடித்தே கொல்கிறது. முதிர்ந்த ஆண்பன்றியின் தோளில் கேடயம்போல் தடித்த திசு இருக்கிறது. குறி ஒரு சாண் தவறினால், அம்பு தாங்கிய விலங்கு புதருக்குள் ஓடி மறையும். குருதித் தடம் பற்றிப் பின்தொடர்ந்து அதன் துன்பத்தை முடிக்காதவன், வேட்டைக்காரன் என்ற பெயருக்கே உரியவன் ஆகான்.

மார்க்கம் கற்பிக்கும் அளவுகோல்

அம்பின் கணக்கை இஸ்லாம் மிக நுட்பமாகவே கேட்டிருக்கிறது. தய்யி குலத்து அதீ இப்னு ஹாதிம் (ரலி) வேட்டையைப் பற்றி வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அளித்த விளக்கம் ஹதீஸ் நூல்களில் விரிவாக உள்ளது. அம்பின் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடியால் மாண்டதை உண்ணலாகாது. அம்பு பட்ட விலங்கு நீரில் விழுந்து இறந்து கிடந்தால், கொன்றது அம்போ நீரோ என்ற ஐயத்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கையைவிட்டு நீங்கிய பின்னரும் அம்புக்கு எய்தவனே பொறுப்பாளி என்பது இதில் விளங்கவில்லையா?

"இவை உண்ணும் விலங்குக்கான விதிகள், பன்றிக்கு இவை ஏன்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. திருமறை பன்றியின் இறைச்சியை நமக்கு விலக்கியது. அதனை வதைக்குமாறு எவ்விடத்தும் ஏவவில்லை. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழியொன்று, எல்லாச் செயலிலும் செம்மையை இறைவன் கடமையாக்கியிருப்பதைக் கூறிவிட்டு, கொல்லும்போதும் செம்மையாகக் கொல்லுமாறும், அறுக்கும்போதும் செம்மையாக அறுத்துக் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் பணிக்கிறது. கொல்வதும் அறுப்பதும் அங்கே தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன. அறுப்பது உணவுக்கு. கொல்வது என்பதில் உணவாகாத உயிரும் அடங்குமன்றோ? அப்படியானால் "பன்றிதானே" என்பவனுக்கு அந்த நபிமொழியில் எங்கே விலக்கு இருக்கிறது?

பறவையொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி), உயிருள்ளதை இலக்காக்குபவனை நபிகள் நாயகம் (ஸல்) சபித்திருப்பதை எடுத்துரைத்தார். வேடிக்கைக்காக எய்யும் அம்புக்கு, அது உயர்ந்த வில்லிலிருந்து புறப்பட்டாலும், இத்தீர்ப்பே பொருந்தும். தம்மைக் கடித்த ஓர் எறும்புக்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த முன்னைய நபி ஒருவரை இறைவன் கடிந்துகொண்ட வரலாறும் நாம் அறிந்ததே. குற்றம் செய்ததையும் செய்யாததையும் பிரித்தறியாத கண்ணிவெடிக்கும் மின்வேலிக்கும் அதைவிடத் தெளிவான கண்டனம் வேண்டுமா?

அதே வேளையில், தீங்கு செய்யும் உயிரைக் கொல்ல மார்க்கம் இடந்தராமல் இல்லை. தேளையும் கடிநாயையும் புனித எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்று அனுமதித்த மார்க்கம் இது. நிர்ப்பந்தம் அனுமதியைத் தரும். ஆனால் அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டாது. இது சட்ட அறிஞர் பெருமக்கள் வகுத்த விதி.

இழப்பை யார் ஏற்பது?

ஒருவன் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவனுக்குத் தருமமாக எழுதப்படும் என்பது நாம் அடிக்கடி கேட்கும் நற்செய்தி. இதனைச் சிலர் உழவனுக்கு எதிராகவே எடுத்துக்காட்டி, "பொறுத்துக்கொள்" என்பார்கள். அது பெரும்பிழை. அந்த நபிமொழியின் ஓர் அறிவிப்பில், திருடப்பட்டதும் தருமமாகும் என வந்திருக்கிறது. அதனால் திருட்டு ஆகுமாகிவிட்டதா? இல்லை. அது இழந்தவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். வேடிக்கை பார்ப்பவன் தன் கடமையிலிருந்து தப்பிக்கக் கிடைத்த சாக்கு அன்று.

இரவில் வயலுக்குள் புகுந்த ஆடுகளைப் பற்றிய வழக்கைத் தாவூத் நபியும் சுலைமான் நபியும் விசாரித்ததைத் திருமறையின் அன்பியா அத்தியாயம் குறிப்பிடுகிறது. சுலைமான் நபியின் தீர்ப்பை விரிவுரையாளர்கள் இவ்வாறு விளக்குவர்: வயல் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் பயனை வயலுக்குரியவன் பெறட்டும், பின்னர் ஆடு ஆட்டுக்காரனிடமும் வயல் வயற்காரனிடமும் திரும்பட்டும். இழந்தவனின் இழப்பும் நிறைந்தது, உயிரும் அழியவில்லை. பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தைப் பாழாக்கியபோது, பகலில் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் விளையும் சேதம் விலங்குக்குரியவர் பொறுப்பு என்று நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்தார்கள்.

காட்டுப்பன்றிக்கு உரியவர் யார்? வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கும், இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் மாநில அரசின் உடைமை என்கிறது சட்டம். செத்த பன்றி அரசுக்குச் சொந்தமாயின், உயிரோடு அது இரவில் அழித்த பயிருக்கு மட்டும் உழவன் தனியே பொறுப்பாவானா? விலங்கைக் காக்கவேண்டும் என்று நாம் அனைவரும் சேர்ந்து சட்டம் செய்திருக்கிறோம். அக்காவலின் செலவை ஒருவன் மடியிலிருந்து மட்டும் எடுப்பது நீதியாகாது. வனவிலங்குகளால் நேரும் பயிர்ச்சேதத்தை 2026 காரிஃப் பருவம் முதல் பயிர்க்காப்பீட்டில் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. நீதியின் திசையில் அது ஓர் அடி. உழவனின் கைக்குப் பணம் காலத்தில் வந்து சேரும்போதே அந்த அடி முழுமையடையும்.

ஆகவே முறை இதுவாகலாம். முதலில் வேலியும் காவலும். அவற்றுக்கு அரசும் ஊரும் துணை நிற்கவேண்டும். ஓடைகளில் மண்டிய புதரை ஊர் கூடி அகற்றினால் பன்றிக்குப் பகல் உறைவிடம் குறையும். அடுத்தது இழப்பீடு. இவ்விரண்டும் பயனற்றுப்போன இடத்தில், உரிய அனுமதியோடு, தேர்ந்த கையால், விரைவான சாவு. இவ்வரிசையைத் தலைகீழாக்கி வெடியில் தொடங்குபவன் பயிரைக் காக்கிறான் என்று சொல்ல முடியாது. தன் சினத்துக்குத் தீனி போடுகிறான்.

நாம் விரும்பும் உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது எளிது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் அளித்தவருக்குக் கிடைத்த மன்னிப்பையும், பூனையைப் பட்டினியிட்டவளுக்குக் கிடைத்த தண்டனையையும் நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அப்பிள்ளை, "வாப்பா, பன்றிக்கும் வலிக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? வலிக்கும் என்றே சொல்லவேண்டும். உண்ணக்கூடாததைப் படைத்தவனும் அவனே. அதற்கு வலியைத் தந்தவனும் அவனே. நம் கலத்தில் அதற்கு இடமில்லை. நம் நீதியில் அதற்கு இடமுண்டு.