தோமா கேட்ட தழும்பு



பூட்டிய கதவு ஆண்டவரைத் தடுக்கவில்லை. கல்லறைக் கல்லும் தடுக்கவில்லை. சாவே தோற்றுப்போன உடல் அது. அந்த உடலில் ஆணி பாய்ந்த ஓட்டை மட்டும் ஏன் மூடாமல் இருந்தது? உடல் முழுவதையும் புதிதாக்கிய தந்தைக்கு இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு விலாவையும் ஆற்றிவிடுவது பெரிய வேலையா? இன்று வாசித்த யோவான் நற்செய்திப் பகுதியில், ஆண்டவர் சீடர்களுக்கு அமைதி வாழ்த்துச் சொன்ன கையோடு செய்த முதல் காரியம், கைகளையும் விலாவையும் காட்டியதுதான். நாமாக இருந்தால் மறைத்திருப்போம்.

என்னை இதைப் பற்றி யோசிக்க வைத்தவர் நம் பங்கில் உள்ள ஓர் அண்ணன். பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் பூசைக்கே வரமாட்டார், அவ்வளவு கூச்சம். சிமென்ட் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அவர் ஒரு போர்க்கப்பல் கட்டியிருக்கிறார். ஜெர்மனியின் எம்டன். ஆமாம், நம் பாட்டிமார் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொன்ன அதே எம்டன். உண்மைக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர். இவர் எடுத்துக்கொண்டது நூற்றில் ஒரு பங்கு அளவு. ஆக ஏறக்குறைய நாலடி நீளம், அகலமோ ஒரு சாண்கூட இல்லை. ஒட்டுப்பலகையில் விலாக்களை அறுத்து, மேலே பிளாஸ்டிக் தகடு போர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உடலைக் கட்டியிருக்கிறார். பீரங்கிகள் பத்து. பத்துக்கும் சைக்கிள் சக்கரத்து போக்ஸ் கம்பி. கைப்பிடிக் கம்பிகள் கரண்ட் ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழைகள்.

கடலே இல்லாத அரியலூரில் கப்பல் எதற்கு என்று தெருவில் கேலி பேசுகிறார்களாம். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள அம்மோனைட் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் கடலடி. இதே மண்ணுக்கு ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையைத் தந்த வீரமாமுனிவரும் 1710-இல் கப்பலேறி வந்தவர்தானே!

கப்பலைக் கட்டி முடித்து, சாம்பல் நிற பெயின்ட் அடித்து, அது பளபளவென்று நின்ற நாளில் பார்த்தவர்கள் எல்லாரும் வேலை முடிந்தது என்றார்களாம். அவருக்கோ பாதி வேலை பாக்கி. அதன் பிறகுதான் அதைப் பழசாக்கத் தொடங்கினார். இந்தக் கலைக்காரர்கள் இதை வெதரிங் என்கிறார்கள். துரு நிறத்தை அடியில் பூசி, அதன் மேல் சமையல் உப்பைத் தூவி, அதற்கு மேல் சாம்பல் நிறம் அடித்து, காய்ந்த பின் உப்பைத் தட்டிவிட்டால், அங்கங்கே பெயின்ட் பெயர்ந்து துரு தெரிவதுபோல் ஆகிவிடுகிறது. ஆயில் பெயின்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தகடுகளின் இணைப்பில் விட்டால் அழுக்கு தானாக ஓடிப் படிகிறது. நங்கூரம் தொங்கும் துளைக்குக் கீழே மெல்லிய பழுப்புக் கோடு, நீர்மட்டத்தில் உப்பு வெளுப்பு, புகைபோக்கிக்குப் பின்னால் கரி.

“எங்க வேணும்னாலும் துரு வைக்கலாமா அண்ணே?” என்று கேட்டேன். முறைத்தார். “சாமி, ஒரு மில்லிமீட்டர் கறை நிஜக் கப்பல்ல பத்து சென்டிமீட்டர். இஷ்டத்துக்கு வச்சா அது துரு இல்ல, அசிங்கம். இந்தக் கப்பல் எங்க போச்சு, என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் பிரஷ்ஷையே தொடணும்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் உலகப் போருக்கு முன்பு எம்டன் வெள்ளை நிறக் கப்பல். அதன் அழகுக்காகக் கிழக்கின் அன்னம் என்று அழைத்தார்கள். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் சாம்பல் நிறத்துக்கு மாறி, தன் படையிலிருந்து பிரிந்து, இந்தியப் பெருங்கடலுக்குள் தனியாக நுழைந்தது. ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. பிடித்த கப்பல்களில் இருந்த நிலக்கரியை, அந்தக் கப்பலைப் பக்கத்தில் அணைத்துக் கட்டி, அலையில் இரண்டும் உரச உரச, மாலுமிகள் சுமந்து ஏற்றினார்கள். அதனால்தான் அண்ணன் கப்பலின் விலாப்பக்கத்தில் சிராய்ப்பும், மேல்தளம் முழுக்கக் கரித்தூளும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் சொல்கிறார்.

கறையின் காரணம் கேட்கிற ஆள்தான் தோமாவும். அவரைப் பற்றி நாம் கொஞ்சம் அநியாயமாகவே பேசுகிறோம். சந்தேகத் தோமா என்று பட்டமே கட்டிவிட்டோம். அவர் கேட்டது என்ன? ஒளியைக் கேட்கவில்லை, புதுமையையும் கேட்கவில்லை. காயம் எங்கே என்று கேட்டார். கல்வாரி வழியாக வராத ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று அதற்குப் பொருள். தொட்டுப் பார்க்கக் காரணமும் உண்டு. இதே எம்டன் 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்றையும் நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல்போல் வேடம் போட்டுப் போனது. அண்ணன் அதையும் செய்து, கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார். பொய்ப் புகைபோக்கி இருக்கிற உலகத்தில் தொட்டுப் பார்க்கிறேன் என்றவரை ஆண்டவர் கடிந்து விரட்டவில்லை, விரலை இங்கே கொண்டுவா என்று கூப்பிட்டார். காணாமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றோர் என்று நமக்காகச் சொன்னதும் அதே மூச்சில்தான்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அது கொல்லும் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஆட்கள் செத்தார்கள். ஊரைவிட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் இருக்கிறது. கப்பலின் கேப்டன் ஃபான் முல்லர் பிடிபட்ட வணிகக் கப்பல்களின் ஆட்களைக் கண்ணியமாக நடத்தியவர் என்று எதிரிகளே எழுதினார்கள், அதுவும் உண்மை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அடித்த அடியில் எம்டன் சிதைந்து பவளப் பாறையில் ஏறி நின்றது. அதில் 130-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அண்ணன் கட்டிய கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கப்பல் பட்ட அடியெல்லாம் அதில் இருக்கிறது. கப்பல் கொடுத்த அடி ஒன்றுகூட அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அது சென்னைச் சுவரில் இருக்கிறது, பினாங்கில் எம்டன் மூழ்கடித்த கப்பல்களில் இருக்கிறது.

நம் கதையும் இதுதான். நான் பட்டதைச் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வேன். பங்காளி என்ன பேசினான், வரப்பை எவ்வளவு வெட்டினான், சின்ன வெங்காயத்துக்கு வியாபாரி எப்படி விலை குறைத்தான், மருமகள் எந்தப் பொங்கலுக்கு வரவில்லை, எல்லாம் தேதியோடு நினைவிருக்கும். நான் கொடுத்த அடி என் உடம்பில் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் அடுத்தவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் யார்? கெத்சமனியில் விட்டு ஓடியவர்கள், தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்தவர். ஆண்டவர் காட்டிய காயத்தில் அவர்களுடைய கைரேகையும் இருந்தது. அதைக் காட்டிவிட்டு அவர் கணக்குக் கேட்கவில்லை. மூச்சை ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அந்த அறையிலேயே கொடுத்தார். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்து வரும் இந்த ஞாயிற்றை இறை இரக்க ஞாயிறாகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தபோது அவர் கையில் இருந்த நற்செய்தியும் இதுதான்.

காயமே காட்டாத கப்பலும் உண்டு. ஜப்பானில் குரே என்ற ஊரில் யமாத்தோ என்ற பெரும் போர்க்கப்பலைப் பத்தில் ஒரு பங்கு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். 2005-இல் திறந்த அருங்காட்சியகம். மாதிரியே 26 மீட்டருக்கு மேல். படத்தில் பார்த்தேன், கறை தெரியாத சுத்தமான கப்பல். உண்மையான யமாத்தோ 1945 ஏப்ரல் 7 சனிக்கிழமை மூழ்கியது. மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள், தப்பியவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 1. அப்படியென்றால் மறுநாள் ஞாயிறு உலகெங்கும் கோவில்களில் வாசித்தது தோமாவின் இதே நற்செய்தி. அந்த வாரம் எத்தனை தாய்மார் மகனுடைய உடலைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லாமல் இருந்திருப்பார்கள்!

நம் ஊருக்கும் ஒரு காயம் உண்டு. 1956 நவம்பர் 23, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பாலத்தை லால் பகதூர் சாஸ்திரி தன் கையால் இடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் காயத்தில் எனக்கும் பங்குண்டு என்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அப்படி இறங்கிய ஆட்களை விரல்விட்டு எண்ணலாம்.

நாமும் இறங்கலாம். இந்த வாரம் வியாழன், வெள்ளி மாலை ஐந்து மணி முதல் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். உங்கள் காயங்களின் பட்டியலோடு வராதீர்கள், அது எனக்கே பாதி தெரியும். நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்களோ, அந்த வீட்டுக்கு முதலில் போய்விட்டு வாருங்கள்.

கடைசியாக, முந்திரிக் கொட்டை உடைக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. கொட்டையின் பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்த கையை நீட்ட வெட்கப்பட்டு, நற்கருணை வாங்கும்போது முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறீர்கள். நான் கவனித்திருக்கிறேன். இன்று நீட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அந்தக் கறை எங்கிருந்து வந்தது, ஒரு கிலோ உடைத்தால் என்ன கூலி என்று வெளியே போனதும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடாதீர்கள்.

எழுந்து நிற்போம். தோமாவைப்போல, என் ஆண்டவர், என் கடவுள் என்று அறிக்கையிட்டு நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.