ஒழுக்கும் ஒழுக்கமும்

கூரை ஒழுகுகிறது என்கிறோம். வாளி ஒழுகுகிறது என்கிறோம். ஒருவர் அறவழியில் ஒழுகினார் என்று எழுதும்போதும் அதே வினைச்சொல்லைத்தான் எடுக்கிறோம். ஒழுக்கு வீட்டுக்காரரின் தொல்லை. ஒழுக்கம் பள்ளிக்கூடத்துப் பாடம். இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டா என்று கேட்டால், பழைய ஜீப் ஒன்றின் அடியில் உண்டு என்பேன்.

காட்டிலும் மேட்டிலும் ஓடும் வாகனங்களின் கதை அவுஸ்திரேலியாவில் இடம்பெயர்ந்தோரின் கதையோடு சேர்ந்தே வருகிறது. 1949 இல் தொடங்கி 1974 இல் நிறைவுற்ற ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் 30 க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 1 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரின் பின் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அகதி முகாம்களில் கிடந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த மலைப்பாதைகளில் லாண்ட் றோவர்கள் ஓடின. 1950களின் இறுதியில் தீஸ் என்ற கட்டுமான நிறுவனம் ரொயோட்டா லாண்ட் குறூசர்களைக் கொண்டுவந்து இறக்கியது. இன்று சிட்னியிலோ மெல்பேர்ணிலோ எம்மவர் வீட்டு முன்றலில் நிற்கும் பழைய லாண்ட் குறூசருக்கு இப்படியொரு பூர்வீகம் உண்டு.

அந்த வாகனத்தின் கீழே ஒரு துளி கண்டால் என்ன செய்வது? அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சாவியைத் தூக்கமாட்டார். இரவு ஒரு காட்போட் மட்டையை அடியில் விரித்துவிடுவார். காலையில் கறை பேசும். கறுப்பும் மண்ணிறமுமாக இருந்தால் எஞ்சின் ஒயில். சிவப்பென்றால் பெரும்பாலும் ஓட்டோ கியர் ஒயில் அல்லது பவர் ஸ்ரியரிங் ஒயில். பச்சையோ சிவப்போ, தொட்டால் வழுவழுப்பும் முகர்ந்தால் இனிப்பு வாசமும் இருந்தால் றேடியேற்றர் நீர். கந்தக நெடி அடித்தால் டிபறென்சல் ஒயில். வெளிர் மஞ்சளாகச் சில்லின் உட்புறத்தில் வடிந்தால் பிரேக் ஒயில். அன்றைக்கு அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது.

அடுத்தது கழுவுதல். பழைய ஒயிலும் சேறும் படிந்த அடிப்பக்கத்தில் எதுவும் தெரியாது. நன்றாகக் கழுவி, காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி பார்க்கவேண்டும். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் தள்ளும். நிற்கும்போது அது கீழே இறங்கும். ஆகவே ஈரமாயுள்ள இடங்களுள் ஆக உயரத்திலும் ஆக முன்னாலும் இருப்பதைத்தான் தேடவேண்டும். துளி விழும் இடம் வேறு, அது புறப்பட்ட இடம் வேறு.

பழைய லாண்ட் குறூசர்களில் அடிக்கடி வரும் வருத்தம் ஒன்றைச் சொல்கிறேன். முன்சில்லைத் திருப்பும் உருண்டை மூட்டின் பின்னால் கறுப்பாக ஏதோ வடியும். பார்ப்பவர் வெளியிலுள்ள சீலைக் குறைசொல்வார். உண்மையில் உள்ளே, அச்சுக்குழாயின் முனையிலுள்ள ஒயில் சீல் தோற்றிருக்கும். டிபறென்சல் ஒயில் அதைத் தாண்டி மூட்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் கிறீசைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சரி, உட்சீலை மாற்றிவிட்டோம். சில மாதங்களில் மீண்டும் ஒழுக்கு. ஏன்?

அச்சுக்கூட்டின் மேலே ‘பிறீதர்’ என்றொரு சிறு மூச்சுத்துளை இருக்கிறது. ஓட ஓட உள்ளே சூடேறி, காற்று விரிகிறது. அது வெளியேறத்தான் இந்தத் துளை. சேறு அதை அடைத்துவிட்டால், அழுத்தம் வேறு வழியின்றிச் சீலின் உதட்டைத் தள்ளி ஒயிலை வெளியேற்றும். சூடான அச்சோடு ஆற்றைக் கடந்தால் மறுவளம்: உள்ளே திடீரெனக் குளிர்ந்து, சீலின் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் சங்கதி. மூச்சை விடுவிக்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை.

நோயை அறி, அதன் முதலை அறி, பிறகு தணிக்கும் வழியைத் தேடு என்ற வரிசையைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முன்பே தந்துவிட்டது. ஆனால் அந்த வரிசைப்படி நடக்க வைத்தியனுக்கு அவகாசமும் மருந்தும் வேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் அவை இரண்டும் இருக்கவில்லை. பெற்றோலுக்குத் தடை, உதிரிப்பாகங்களுக்குத் தடை. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் அப்படித்தான் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக்கொண்டு போயின. தாங்கி கசிந்தால் சவர்க்காரத்தைக் குழைத்து அப்பினார்கள். இது திருத்தமா, ஏமாற்றா?

இரண்டுமில்லை என்பது என் முடிவு. சவர்க்காரம் அப்பியவருக்கு அது சவர்க்காரம் என்று தெரியும். ஏறியவருக்கும் தெரியும். ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்ற அறிவு ஒருவரிடமும் மறைக்கப்படவில்லை. ஒட்டுவேலையில் பாவமில்லை, ஒட்டுவேலையைத் திருத்தம் என்று சொல்லிக் கொடுப்பதில்தான் பாவம் தொடங்குகிறது.

இங்கே அந்த இக்கட்டு இல்லை. உதிரிப்பாகம் கிடைக்கிறது, கராஜ் இருக்கிறது, பெரும்பாலோருக்குப் பணமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் விற்கப்போகும் வாகனத்தின் அடியைக் கழுவித் துடைத்துவிட்டு நிறுத்தும் பழக்கமும் இருக்கிறது. மெக்கானிக் கழுவுவது கண்டுபிடிக்க. இவர் கழுவுவது கண்டுபிடிக்காமலிருக்க. தண்ணீர் ஒன்று, கை ஒன்று, செயல் இரண்டு. விக்ரோறியாவில் பழைய வாகனத்தைப் பதிவோடு விற்க வீதித் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நியூ சவுத் வேல்சில் 5 வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்தை ஆண்டுதோறும் பரிசோதிக்கவேண்டும். பரிசோதித்தவர் கையெழுத்து வைத்துவிட்டார், வாங்குபவர் குனிந்து பார்த்திருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: வாங்குபவருக்கும் கண் உண்டு. ஆனால் துடைத்ததே அந்தக் கண்ணுக்காகத்தான். பார்க்க முடியாதபடி செய்துவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது எப்படிப் பொருந்தும்? சான்றிதழ் அன்றைய நிலையைச் சொல்கிறது. அடுத்த மாதம் துளிர்க்கப்போவதை அறிந்தவர் விற்பவர் ஒருவரே.

சிறு துளிதானே என்ற சமாதானமும் கேட்கிறது. துளி எங்கே போகிறது? தெருவில் விழும் ஒயில் மழையோடு வடிகாலுக்குள் இறங்கி, பெரும்பாலும் சுத்திகரிப்பின்றியே ஓடைகளுக்கும் யாரா ஆற்றுக்கும் விரிகுடாவுக்கும் போகிறது. கிணற்றை நம்பி வாழ்ந்த எமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நீரே குடிநீர். சுன்னாகத்தில் மின்னிலையப் பகுதியின் எண்ணெய்க் கழிவு அந்த நீரிற் கலந்து, கிணறுகள் பாழான கதை பலருக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் இலங்கை உயர்நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. வாளியில் எண்ணெய் மிதந்தபோது அதை அள்ளியவருக்கு ஊற்றுக்கண் தெரியாது. கழிவை விட்டவர் அந்த வாளியைக் காணவில்லை. நிலத்தடியிலும் துளி விழும் இடம் வேறு, புறப்பட்ட இடம் வேறு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், விரும்பாவிட்டாலும். வீட்டுக்குள் நடப்பதை ஒரு பெண்ணோ பிள்ளையோ வெளியில் சொல்லிவிட்டால், எமது சமூகம் முதலில் கேட்பது யார் வெளியே விட்டது என்பதைத்தான். சீலைக் குறைசொல்கிறோம். உள்ளே எத்தனை வருடம் சூடேறியது, மூச்சுத்துளையை அடைத்தது யார் என்று கேட்பதில்லை. போரைக் கண்டு வந்த மனிதர் பலர் அதைப்பற்றி ஒருவரோடும் கதைத்ததில்லை. அவர்களுடைய அழுத்தம் ஆக மெல்லிய இடத்தால் வெளியேறுகிறது. அந்த மெல்லிய இடம் பெரும்பாலும் மனைவி, அல்லது பிள்ளை. இது செய்த தவறுக்குச் சாட்டாகாது. உடைந்த சீலை மாற்றத்தான் வேண்டும். உதவிக்கு ஆளையும் அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டதென்று கையைத் துடைப்பவர் சில மாதங்களில் மீண்டும் அதே இடத்தில் குனியவேண்டிவரும்.

லாண்ட் குறூசருக்கு இதன் பரிகாரம் மலிவானது. அடைபட்ட பிறீதரைக் கழற்றிக் கழுவிப் பூட்டலாம். இன்னும் நல்லது, ஒரு றப்பர் குழாயை இணைத்து, சேறும் வெள்ளமும் எட்டாத உயரத்துக்கு அதைக் கொண்டுபோய்விடுவது. புதிய சீல் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் அதைப் பாருங்கள்.