எதற்கென்று கொடுத்த ரத்தம்

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு ஊர். சாலை எட்டாத ஊர். தபால்கூடக் கோவேறு கழுதையின் முதுகில்தான் இறங்குகிறது. அங்கே வாழும் ஹவசுபாய் பழங்குடியினரைச் சர்க்கரை நோய் வாட்டியது. ஏன் இப்படி என்று தெரிந்தால் பிள்ளைகளாவது தப்பிக்கலாமே என்ற நம்பிக்கையில், 1990 முதல் சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள்.

அதே ரத்தம் மனச்சிதைவு நோய் பற்றியும், உறவுக்குள் நடக்கும் மணங்கள் பற்றியும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப்பட்டது. 2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போனபோதுதான் இது வெளிப்பட்டது.

ரத்தம் கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் ‘நடத்தை, மருத்துவக் கோளாறுகள்’ என்று பொதுவாக எழுதியிருந்ததே, மறுபடி ஊசி குத்தவில்லையே, யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு. சில நூறு பேரே உள்ள இனத்தில் பெயரை மறைத்து என்ன பயன்? ஆய்வு சூட்டும் முத்திரை குருதி கொடுக்காதவர் மேலும், நாளை பிறக்கும் குழந்தை மேலும் விழும். ஆகவே தனி ஆளின் கையெழுத்து போதாது. ஊரைக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தாங்களே ஆய்வு நெறிகளை வகுத்து வெளியிட்டதும் இந்தத் தேவையால்தான்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள், அதன் காவலர்கள் தாங்கள் என்பது ஹவசுபாய் மக்களின் நம்பிக்கை. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்கிறது அறிவியல். நம்பிக்கை புண்படும் என்பதற்காக உண்மையைத் தேடாமல் இருக்க முடியுமா? முடியாது, தேடலாம். ஆனால் சர்க்கரை நோய்க்கென்று நம்பிக் கொடுத்த ரத்தத்தில், கொடுத்தவருக்கே தெரியாமல் தேடுவது வேறு. அங்கே உண்மை என்ற சொல்லால் நம்பிக்கைத் துரோகத்தை மறைக்க முடியாது.

மீண்டும் கேட்டால் காலம் பிடிக்கும். சில வேளை மறுப்பும் வரும். கேட்காததற்குக் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. பல்கலைக்கழகத்தார் தங்கள் மண்ணை மிதிக்கக் கூடாது என்று அந்த மக்கள் தடை விதித்தார்கள். சர்க்கரை நோய் ஊரிலேயே இருந்தது.

பல்கலைக்கழகத்தின் மேல் அவர்கள் தொடுத்த வழக்கு 2010-ல் சமரசத்தில் முடிந்தது. 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் இழப்பீடு. மிச்சமிருந்த ரத்தமும் திரும்பக் கிடைத்தது. குளிர்பெட்டியிலிருந்து அதை வாங்கிக்கொள்ளப் போனபோது, கொடுத்தவர்களில் சிலர் உயிரோடு இல்லை.