சோதித்துக் கொடுப்பவரின் கடன்

"விலை கூடினது வேணுமா, குறைஞ்சது வேணுமா?" மலையகத்தின் கினிகத்தேனை டவுனில் மருந்துத் துண்டை நீட்டும் எவரிடமும் பார்மசிக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான் இது. வசதி உள்ளவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் காட்டத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு அப்படியல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக் வந்ததால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. பஸ் காசு போக மிஞ்சியதை வைத்துக்கொண்டுதான் அவர் பதில் சொல்ல வேண்டும். குறைந்ததை வாங்கினால் உடம்புக்குக் கேடு செய்கிறோமோ என்ற பயம். கூடியதை வாங்கினால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும் என்பது நிச்சயம்.

அந்தப் பயத்தை அவர் சுமப்பது நியாயமா? மலிவான மருந்தை நம்பச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, எப்போது உண்டு? ஜெனரிக் மருந்து பற்றிய பேச்சின் அடியில் கிடக்கும் அறக் கேள்வி இதுதான்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்குச் சில காலம் காப்புரிமை உண்டு. அது முடிந்தபின் அதே மூலப்பொருளை வேறு எவரும் தயாரிக்கலாம். மூலப்பொருளின் பெயரிலேயே விற்கப்படுவது பொதுப்பெயர் மருந்து, அதாவது ஜெனரிக். ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் விலையில் ஏறாததால் அது மலிவு. அதன் தரத்தை அளக்க உலகம் ஏற்றுக்கொண்ட முறையும் இருக்கிறது. மருந்து எவ்வளவு, எத்தனை வேகத்தில் இரத்தத்தில் சேர்கிறது என்பதை மூல மருந்தோடு ஒப்பிட்டு, கிடைக்கும் விகிதம் புள்ளியியல் பிழையையும் சேர்த்து 80க்கும் 125க்கும் இடைப்பட்ட சதவீதத்துக்குள் முழுமையாக அடங்கினால்தான் இரண்டும் சமம் என்று ஏற்கிறார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஜெனரிக் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு வீரியம் குறைவு என்று படித்தவர்களே சொல்வதுண்டு. அத்தனை குறைவான மருந்து இந்தச் சோதனையில் தேறவே தேறாது.

இலங்கைக்கு இது புதிய விவகாரமும் அல்ல. பேராதனை மருத்துவ பீடத்தின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971 இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் வழியே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. முதல் தலைவரும் பிபிலேதான். ஒரே மூலப்பொருளுக்குப் பத்துப் பெயர், பத்து விலை என்றிருந்த சந்தையில், இறக்குமதியாகும் 2,100 அளவிலான மருந்துகளை 600 அளவுக்குச் சுருக்கி, அவற்றைப் பொதுப்பெயரில், சர்வதேசக் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்குவதே திட்டம். பன்னாட்டுக் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. காலரா பரவிய நேரத்தில், அரசு வரவழைத்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் செய்து தர பைசரின் உள்ளூர்த் தொழிற்சாலை முன்வராததால், கூடிய விலைக்கு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் மருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. 1977 இல் ஆட்சி மாறியது, கொள்கையும் தளர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கயானாவில் பிபிலே காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலே இங்கே செய்துகாட்டியதும் அந்தப் பட்டியலின் அடிப்படை எண்ணமும் ஒன்றே: தேவையான மருந்து சிலவே, அந்தச் சிலவும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

அந்தக் கொள்கையை எதிர்த்தவர்கள் இரண்டு இலட்சியங்களை முன்வைத்தார்கள். இன்றைய சமூகமும் அவற்றை மிகையாகவே போற்றுகிறது. ஒன்று தெரிவுச் சுதந்திரம், மற்றது 'சிறந்ததே வேண்டும்' என்பது.

விரும்பியதை வாங்கும் சுதந்திரம் துணிக்கடையில் பொருள் உள்ளது. துணியைத் தொட்டுப் பார்க்கலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். மாத்திரையைத் தொட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. மருந்தியல் படித்தவரும் ஆய்வுகூடம் இல்லாமல் வெறுங்கண்ணால் தரம் சொல்ல முடியாது. அறிய வழியே இல்லாத ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது சுதந்திரம் ஆகாது. அறிய வேண்டியவர்கள் தங்கள் வேலையை நோயாளியின் தலையில் இறக்கிவைப்பதற்குச் சூட்டிய நல்ல பெயர் அது. கினிகத்தேனையில் துண்டோடு நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமை பெரிய உரிமை அல்ல. எதை எடுத்தாலும் பயமின்றி விழுங்கலாம் என்பதுதான் அவருக்குச் சேர வேண்டிய உரிமை.

இரண்டாவது இலட்சியம் இன்னும் ஆழமாக வேரோடியது. பிள்ளைக்குச் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் குற்றம் இல்லை. 'சிறந்தது' என்பதை விலையும் பெயரும் காட்டிவிடும் என்ற நம்பிக்கைதான் பிழை. இந்த நாட்டில் காய்ச்சல் என்றால் பனடோல். பரசிட்டமோல் என்று அரச ஆஸ்பத்திரியில் கிடைக்கும் அதே மருந்துக்கு அந்த மரியாதை இல்லை. பெயர் காக்காது என்பதற்குக் கொடுமையான சான்று 2025 அக்டோபரில் கிடைத்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகி, கோல்ட்ரிஃப் என்ற வர்த்தகப் பெயரோடு விற்ற இருமல் மருந்தைக் குடித்த சிறுவர்கள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு அரசின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகோல் என்னும் நச்சுத் திரவம் இருந்தது தெரியவந்தது. போத்தலில் பெயர் இருந்தது, சந்தைக்குப் போகுமுன் அதை முறையாகச் சோதித்தவர் இல்லை.

ஆகவே ஜெனரிக் மருந்தை நம்புங்கள் என்று இந்த இடத்தில் முடித்துவிடலாமா? முடியாது. மறுபக்கத்தின் நியாயம் பெரியது, அதற்குச் சான்று கினிகத்தேனை இருக்கும் நுவரெலியா மாவட்டத்திலேயே உண்டு. 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர், அதன்பின் இட்ட பிரெட்னிசொலோன் கண் துளிமருந்தால் தொற்று ஏற்பட்டுப் பார்வை இழந்தார்கள். இந்தியாவிலிருந்து இறக்குமதியான மருந்து அது. வெளிச்சம் தேடிப் போனவர்கள் இருந்த வெளிச்சத்தையும் இழந்து திரும்பினார்கள். அதே ஆண்டில் தரமற்ற இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குப் போன விவகாரம் வெடித்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். 2022 இன் டொலர் தட்டுப்பாட்டில் மருந்து இல்லாமல் நாடு தவித்தபோது, அவசரம் என்ற பெயரில் பதிவு நடைமுறையிலிருந்து விலக்குக் கொடுத்து மருந்துகளை வரவழைத்தார்கள். சோதனையைத் தாண்டி வந்த அந்த வழியில் ஆபத்தும் வந்தது.

மலையக மக்களின் சந்தேகத்துக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. நாட்டின் பிற மக்களுக்கு அரச வைத்தியசாலை இருந்த காலத்தில், தோட்டத்து மக்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. எம்.பி.பி.எஸ். படித்த டொக்டர் இல்லாத டிஸ்பென்சரிதான் பல லயங்களுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி. இரண்டாந்தர வீடு, இரண்டாந்தரப் பள்ளிக்கூடம், இரண்டாந்தர மருந்து என்று தலைமுறை தலைமுறையாகப் பெற்றவர்களிடம் "இது மலிவு, ஆனால் நல்லது" என்று சொன்னால், அவர்கள் ஒரு கணம் தயங்கத்தான் செய்வார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். அது பட்டறிவு.

இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. நல்ல மருந்துக்கும் கெட்ட மருந்துக்கும் இடையிலான கோடு ஜெனரிக்குக்கும் பிராண்டுக்கும் இடையில் ஓடவில்லை. சோதித்ததற்கும் சோதிக்காததற்கும் இடையில் ஓடுகிறது. கோல்ட்ரிஃப் வந்த அதே தமிழ்நாட்டில் 1994 இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் அரச ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. கிடங்குக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியெண் மட்டும் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறது. தேறிய பின்பே மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மலிவும் தரமும் ஒன்றாக வர முடியும். சோதனைக்குச் செலவு செய்ய அரசு மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அமைச்சரின் பிள்ளைக்கும் இதே மருந்தைக் கொடுப்பார்களா?" என்று மக்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான், போதுமான கேள்வி அல்ல. அமைச்சரின் பிள்ளைக்கு ஒரு மருந்தால் தீங்கு வந்தால் அடுத்த மணி வேறு மருந்து, வேறு ஆஸ்பத்திரி, வேண்டுமானால் வேறு நாடு. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எனவே இருவருக்கும் ஒரே மருந்து என்பதோடு சமத்துவம் முடிந்துவிடாது. மாற்று வழி இல்லாதவரின் கைக்குப் போகும் மருந்தே அதிகம் சோதிக்கப்பட வேண்டும். மலிவான மருந்தைக் கொடுப்பவர் அந்தச் சோதனையைச் செய்யக் கடன்பட்டவர். அந்தக் கடனைத் தீர்த்தவருக்கு மட்டுமே "நம்புங்கள்" என்று சொல்லும் உரிமை உண்டு.

கடன் யாருக்கெல்லாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, எந்த அவசரத்திலும் தரச் சோதனைக்கு விலக்குக் கொடுக்கக் கூடாது. சோதனையில் தோல்வியடைந்த மருந்துகளின் விபரத்தை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். டொக்டர் பொதுப்பெயரை விளங்கும் எழுத்தில் எழுத வேண்டும். வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் சிறு அளவு வேறுபாடும் ஆபத்து என்பதால், அங்கே ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. பார்மசிக்காரர் "கூடினதா, குறைஞ்சதா" என்பதோடு நிற்காமல், இரண்டும் ஒரே மருந்து என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையக அரசியல்வாதிகள் சம்பள உயர்வுக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கை, ஆஸ்பத்திரி அலுமாரியில் மருந்து இருக்கிறதா, அது சோதித்த மருந்தா என்று கேட்பதற்கும் கொடுக்க வேண்டும். உயர்ந்த சம்பளத்தை பார்மசியில் கொட்டிவிட்டு வந்தால் அந்த உயர்வால் வீட்டுக்கு என்ன பயன்?

நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு, சிறிய பங்கு. விலையைக் கண்டு மயங்காமல், மருந்தின் பொதுப்பெயரைத் தெரிந்துவைத்து, ஒவ்வாமை வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு மேல் அவரிடம் கேட்பது அதிகம்.

தெரிவு, சிறப்பு போன்ற பளபளக்கும் இலட்சியங்களுக்கு மேடை கிடைக்கும், விளம்பரம் கிடைக்கும். மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, வந்த முடிவுக்கு அஞ்சாமல் கையெழுத்திடும் வேலையை யாரும் இலட்சியம் என்று பாடுவதில்லை. ஏழையின் உயிர் அந்த வேலையில்தான் தங்கியிருக்கிறது. பிபிலே தொடங்கியதில் பாதி, மருந்தின் விலையைக் குறைப்பது. மறுபாதி, குறைந்த விலை மருந்தை யாரும் அச்சமின்றி வாங்கக்கூடிய நாட்டை உண்டாக்குவது. முதல் பாதியை ஏழைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுக்காமல் விடுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அரசின் செலவை அவர் உடம்பில் ஏற்றிவிடும் வேலை அது. சோதித்த மருந்து எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்கட்டும். சோதிக்காத மருந்தை, அது இலவசமாகவே கிடைத்தாலும், மறுத்துவிட்டுக் கேள்வி கேட்கும் தைரியம் மலையகத்துக்கு வரட்டும்.